கதிருக்குள் வெட்டிய வழி

குற்றாலத்துக்கு அரை மணி பஸ் தூரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தலை நரைத்த ஒரு மனிதர், சீசன் நாளில் பேரருவியில் தலையைக் கொடுத்து ஒழுங்காக ஒரு குளி குளித்ததில்லை என்றால் யாராவது நம்புவார்களா? என் அத்தான் அப்படிப்பட்ட மனிதர். அக்காளுடைய வீட்டுக்காரர்.

ஓர் ஆனி மாதம் எல்லோருமாகக் கிளம்பிப் போனோம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. நானும் அக்காளும் பெண்கள் பக்கம் போய் ஆசை தீரக் குளித்து, ஈரச் சேலையை மாற்றி, கடையில் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தின்றுவிட்டு வந்து பார்த்தால், இவர் உச்சந்தலையில் வைத்த எண்ணெய் காதோரம் வழிய, தோளில் துண்டோடு, ஆண்கள் பக்கத்துக் கம்பிக்கு வெளியிலேயே நிற்கிறார். கட்டியிருந்த வேட்டியின் நுனிகூட நனையவில்லை.

“என்ன அத்தான், இன்னும் குளிக்கலையா?” என்று கேட்டேன்.

“கூட்டமா கெடக்குல்லா. பாவம், எங்கிருந்தெல்லாமோ வந்திருக்காவ. அவிய குளிச்சிட்டுப் போட்டும். நமக்கு என்ன, நெனச்சா நாளைக்கு வரலாம்.”

நாளைக்கு எங்கே வருகிறது? எண்ணெய்த் தலையோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் குளித்தார். அக்காள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். “இந்த மனுசனுக்கு வாய்க்கரிசி போடுத நேரத்துல, பக்கத்துப் பொணத்துக்கு மொதல்ல போடுங்கன்னு எந்திரிச்சுச் சொல்லுவாருட்டி” என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்திருக்கிறோம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரும் இல்லை, அவர் பாடுபட்ட வயலில் இன்று அவர் வீட்டு ஆளும் இல்லை. நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். பாயசம் தீர்ந்திருக்கும், ரசம் மிஞ்சியிருக்கும், அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுவார். ரேஷன் கடையில் காலையில் வரிசையில் நின்றவர் மத்தியானம் வெறும் பையோடு வருவார். கைப்பிள்ளைக்காரி வந்தாள், வயசானவர் வந்தார், டியூட்டிக்குப் போக வேண்டியவர் வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார். கோழை என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப்பன்றி நேருக்கு நேர் வந்தபோது மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு அசையாமல் நின்ற ஆள். எதிரில் நிற்கிற மனிதரின் முகம் வாடுவதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதிரில் நிற்கிறவர் முகம். முதுகுக்குப் பின்னால் நிற்கிற என் அக்காளின் முகம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

வடகரைக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகவே இரண்டு ஏக்கர் நஞ்சை அவருக்கு. வயலை ஒட்டி வீடு, பத்துப் பதினைந்து தென்னை, இரண்டு மாடு. நான் தென்காசியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் போலீஸ். ஊருக்கெல்லாம் பண்டிகை என்றால் அவருக்குப் பந்தோபஸ்து. அதனால் புரட்டாசியில் காலாண்டுப் பரீட்சை லீவு விட்ட கையோடு, திருத்த வேண்டிய பேப்பர் கட்டையும் தூக்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விடுவேன். லீவு முடிந்தும் ஐப்பசி முழுக்கச் சனி ஞாயிறு அங்கேதான். வருடத்தில் எனக்குப் பிடித்த நாட்கள் அவைதான். தீபாவளிக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

முதல் போகமான கார் நெல் அறுவடையாகும் சமயம் அது. அறுத்த வயலில் வைக்கோலைப் புரட்டிப் புரட்டிக் காயப்போட வேண்டும். மத்தியானம் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டு மணிக்கு மேல் மலை உச்சியில் ஒரு கறுப்பு தெரியும். அவ்வளவுதான், களத்தில் காய்கிற நெல்லை ஆளாளுக்கு ஓடிக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடுவோம். மூடி முடித்து, மூச்சு வாங்க நின்று பார்த்தால் மேகம் செங்கோட்டைப் பக்கம் நழுவியிருக்கும். மறுபடி பிரித்துக் காயப்போட வேண்டும். அக்காள் மழையைத் திட்டுவாள், நான் அக்காளைப் பார்த்துச் சிரிப்பேன்.

நெல் வீட்டுக்குள் வந்துவிட்டால் அடுத்த போகமான பிசானத்துக்கு வேலை தொடங்கும். எருக்குப்பை அடிப்பது, தண்ணீர் கட்டி அறுத்த தாளின் கட்டையை அழுகவிடுவது, டிராக்டர் வந்து சேறாக உழுது தொழி அடிப்பது. வரப்பு வெட்டும்போது பொந்திலிருந்து நண்டு வரும். அன்றைக்கு ராத்திரி நண்டு ரசம். இடி இடித்த மறுநாள் தென்னந்தோப்பில் காளான் முளைத்திருக்கும், அதைப் பறிக்க எனக்கும் அக்காளுக்கும் போட்டி. நான் வரப்பில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பேப்பர் திருத்துவேன். சேற்றுக் கைரேகையோடு பேப்பர் வாங்கின பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அத்தான் அந்த ஒன்றரை மாதம் வேறு ஆள். வருடம் முழுக்க எதையும் கேட்காமல், எதற்கும் நான் என்று முன்னால் வராமல் ஒதுங்கி நிற்கிற மனிதர், முழங்கால் சேற்றில் நிற்கும்போது மட்டும் நிமிர்ந்து நிற்பார். வாயில் ஏதாவது ஒரு பாட்டு முனகிக்கொண்டிருக்கும். மழை விழுந்தால் தலையில் துண்டுகூடப் போடமாட்டார். விதை நெல்லைச் சாக்கோடு வாய்க்காலில் ஊறப்போட்டு, எடுத்து, வைக்கோலில் பொதிந்து வைத்து, முளை கட்டியதும் காலையில் பிரிப்பார். குப்பென்று ஒரு வெதுவெதுப்பு வரும். ஒரு கை அள்ளி எங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, “மோந்து பாருங்கட்டி, மோந்து பாருங்க” என்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் அக்காளுக்கு இருக்கிற கோபமெல்லாம் போய்விடும். “கிறுக்கு” என்று மட்டும் சொல்வாள்.

ஆனால் அந்த வரப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வயலுக்குப் பின்னால் கீழ வயல். அந்த வயல்காரரும் கெட்டவர் இல்லை, நாலு பேரைப் போல ஒரு மனிதர். ஒவ்வொரு ஐப்பசியும் வரப்பு வெட்டும்போது அவர் தன் பக்கம் கொஞ்சம் ஆழமாகவே செதுக்குவார். வரப்பு மெலிந்து போகும். அத்தான் என்ன செய்ய வேண்டும்? ஏன்டே இப்படிச் செய்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இவர் கேட்கமாட்டார். ஆள் நடக்கிற வரப்பு ஒல்லியாக இருக்கக் கூடாது என்று நம் பக்கத்துச் சேற்றை அள்ளி அணைத்து மறுபடி தடிக்க வைப்பார். அவர் அங்கே செதுக்க, இவர் இங்கே பூச, வருடா வருடம் வரப்பு எங்கள் வயலுக்குள் நடந்து வந்தது.

அக்காள் பிள்ளை பெற்ற வருடம் வரப்பின் நடுவில் ஒரு தென்னம்பிள்ளை வைத்திருந்தாள். அவன் படித்து முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது அந்தத் தென்னை கீழ வயலுக்குள் நின்றது. மரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வரப்புதான் அதைச் சுற்றி வளைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. காயை அவர்கள் பறித்துக்கொண்டார்கள்.

“ஏ அத்தான், கண்ணு முன்னால மரம் நிக்குது. சர்வேயரக் கூட்டிட்டு வந்து அளந்தா என்ன?” என்று நானே ஒரு தடவை சண்டைக்கு நின்றேன்.

“சவத்த விடு. அவனும் பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கான். ரெண்டு காயி பறிச்சா பறிச்சுட்டுப் போட்டும். மண்ணு எங்கட்டி போவுது, அங்கனதான கெடக்கு.”

அன்றைக்கு அக்காளின் அடுப்படியில் பாத்திரம் மட்டும் பேசியது.

பிறகு அக்காளுக்கு மூட்டு வலி வந்தது. நடுகைத் தண்ணீரில் நின்று நின்று வந்தது என்றார் டாக்டர், இனிமேல் ஈரத்தில் காலை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். ஒரு வருடக் கார் நெல்லைப் பன்றி மேய்ந்து போயிற்று. ஒரு பிசானம் தண்ணீர் கடைசி வரை வராமல் பதராகிப் போயிற்று. அப்போதும் முறைத் தண்ணீரை இவர் பாதியில் அடுத்தவருக்குத் திருப்பிவிட்டிருந்தார் என்பது தனிக் கதை. மகன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் வந்து இருங்கள் என்றான்.

அந்தப் புரட்டாசியில் நான் போய் இறங்கிய அன்றைக்கே, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காள் சொன்னாள்: “இந்தா பாருங்க. இந்தக் கார் நல்லபடியா வீடு வந்து சேரட்டும். சேந்துட்டுன்னா பிசானமும் போடுவோம், காலு போனாலும் போவட்டும்னு நான் இங்கனயே கெடக்கேன். சேரலன்னா நான் மவன் வீட்டுக்குப் போறேன். நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்.”

அத்தான் தலையை ஆட்டினார். “அதெல்லாம் சேந்துரும்” என்றார்.

சேர்ந்திருக்கும். அந்த வருடத்துக் கதிரை இன்றைக்கும் கண்ணுக்குள் வைத்திருக்கிறேன். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பன்றி வரவில்லை, பூச்சி விழவில்லை. கதிர் தலை கவிழ்ந்து, தாள் பழுத்து, இன்றைக்கு நாளைக்கு என்று நின்றது. அக்காள் வாய் ஓயாமல் பேசினாள். வெகு நாளைக்குப் பிறகு அவளும் வரப்பு வரைக்கும் நடந்து வந்து பார்த்தாள்.

அறுப்பு மெஷினுக்குத்தான் பாடு. ஈர வயலில் இறங்குகிற பெல்ட் மெஷின் அந்தச் சுற்று வட்டாரத்துக்கே ஒன்றுதான் வந்திருந்தது, சேலத்துப் பக்கத்து மெஷின். டிரைவர் பையன் முதல் நாளே வந்து பார்த்துவிட்டுப் போனான். எங்கள் வயல் ரோட்டோரம். மெஷின் முதலில் இதை அறுத்தால்தான் பின்னால் இருக்கிற கீழ வயலுக்குள் போக முடியும். யாரும் முறை சொல்லித் தர வேண்டியதில்லை, வயல் கிடக்கிற கிடப்பே முறை. காலையில் எங்களுடையது, பிறகு கீழ வயல், சாயங்காலம் மெஷின் வீரகேரளம்புதூர்ப் பக்கம் போய்விடும் என்று பேச்சு.

காலை எட்டு மணிக்கு மெஷின் வந்து ரோட்டில் நின்றது. அக்காள் சூடம் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் கீழ வயல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி. நாளக் கழிச்சு மவளுக்கு நிச்சயதார்த்தம். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மாப்ள வீட்டு ஆளுவ ரெண்டு பேரு வந்துருவாவ. நெல்லு ஏத்த லாரியும் வந்து நிக்குது. எனக்கு மொதல்ல அறுத்துக்கிடட்டுமா?”

“உன் வயலுக்கு மெஷின் எப்படிப் போவும்?” என்று அக்காள் கேட்டாள். அத்தானைக் கேட்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அதான மதினி…” என்று அவர் இழுத்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

அத்தான் வானத்தைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. “பொம்பளப் பிள்ள காரியம்லா. நீ மொதல்ல அறுத்துக்கோ, நான் வழி வெட்டித் தாரேன்” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் வீட்டுக்குள் போய் அரிவாளோடு வரும்போதுதான் விளங்கியது. ரோட்டிலிருந்து கீழ வயல் வரப்பு வரைக்கும், மெஷின் போகிற அகலத்துக்கு, தன் விளைந்த கதிரைத் தானே கையால் அறுத்து வழி உண்டாக்கப் போகிறார். மெஷின் தானே அறுத்துக்கொண்டு போகாதா என்று நான் கத்தினேன். அதற்கும் நியாயம் வைத்திருந்தார். “மெஷின் அறுத்தா நம்ம நெல்லு பெட்டிக்குள்ள கெடந்து அவன் நெல்லோட கலந்துரும்ட்டி. அவனது வேற ரகம். லாரிக்காரன் கலப்புன்னு சொல்லிட்டாம்னா நல்ல நாளும் அதுவுமா அவனுக்குச் சங்கடம்.”

குனிந்து அறுக்க ஆரம்பித்தார். கீழ வயல்காரர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கூட இறங்கினார்கள். அறுக்கிற தாளை அரி அரியாக ஓரத்தில் அடுக்கிக்கொண்டே போனார்கள். மெஷின் ரோட்டில் சும்மா நின்றது. டிரைவர் பையன் டீ குடித்தான், போன் பார்த்தான், பொறுமை கெட்டு என்னிடம் வந்தான்.

“டீச்சரம்மா, அவருக்கு நீங்களாவது சொல்லுங்க. இந்த வழி வெட்டற நேரத்துக்கு அவரு வயக்காட்டையே பாதிக்கு மேல முடிச்சிருப்பனுங்க.”

நான் போய்ச் சொன்னேன். அத்தான் நிமிர்ந்து நெற்றி வேர்வையை வழித்துவிட்டு, “சொல்லிட்டேன்லா” என்றார். அவ்வளவுதான். அக்காளைத் திரும்பிப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து, எரிந்து முடிந்த சூடத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அறுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் அந்த வழியாகப் போய்க் கீழ வயலில் இறங்கும்போது பதினொரு மணி ஆகிவிட்டது. அங்கே மேடும் பள்ளமும். ஒரு தடவை பெல்ட் கழன்று மாட்டினார்கள். அவர்கள் நெல்லை லாரியில் ஏற்றும்போது மலையில் கறுப்பு தெரிந்தது. அன்றைக்கு அது செங்கோட்டைப் பக்கம் நழுவவில்லை.

மெஷின் திரும்பி எங்கள் வயலுக்கு வந்து நாலு சால் போயிருக்கும். மழை ஊற்றத் தொடங்கிவிட்டது. நனைந்த தாள் மெஷினில் சுற்றிக்கொண்டது. நிறுத்தினார்கள். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். புரோக்கர் போன் மேல் போன் போட்டு, கிழக்கே மழை இல்லை என்று மெஷினைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு வருகிறோம் என்றார்கள். மறுநாளும் மழை, அதற்கடுத்த நாளும் மழை. குற்றாலத்தில் வெள்ளம், குளிக்கத் தடை என்று டிவியில் சொன்னார்கள். ஐப்பசியில் பெய்ய வேண்டியதெல்லாம் சேர்த்துப் பெய்தது.

மழை விட்டு வானம் வெறித்த காலையில் நாங்கள் மூன்று பேரும் வயலுக்குப் போனோம். நின்ற பயிர் முழுக்கப் படுத்திருந்தது. தண்ணீருக்குள் கிடந்த கதிரில் பச்சை ஊசி ஊசியாக முளை. வேர் வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. அவர் வெட்டிய வழி மட்டும் நடுவில் தெளிவாக, தண்ணீர் நிறைந்து, ஓடை மாதிரி நேராகத் தெரிந்தது.

அக்காள் குனிந்து ஒரு கதிரைப் பிடுங்கினாள். அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “மோந்து பாருங்க” என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். அந்தக் கதிரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ வயல்காரர் நிச்சயதார்த்தப் பலகாரத் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றார். “மனசு கேக்கல அண்ணாச்சி” என்றார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அத்தான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். “மழைக்கு நீ என்னடே செய்வ? பிள்ள விசேஷம் நல்லா நடந்துச்சுல்லா, அது போதும்” என்று ஆறுதல் சொன்னார். காப்பி போடச் சொன்னார். அக்காள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழ வயல்காரர் போன பிறகு உள்ளே வந்து, பீரோவைத் திறந்து, சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

“எக்கா, கோவத்துல முடிவெடுக்காத” என்றேன்.

“கோவம் எங்கட்டி இருக்கு? விட்டுக் குடுத்தாரு, விட்டுக் குடுத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லுதாவளே. அவரு எதட்டி விட்டுக் குடுத்தாரு? எல்லாம் எம் பங்கு. அவருக்குன்னு ஒண்ணு வேணும்னு இருந்தாத்தான அது அவரு குடுத்ததா ஆவும்?”

எனக்கு லீவு முடிகிற அன்றைக்குக் காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அக்காள் மதுரை போய் அங்கிருந்து கோயம்புத்தூர் போக வேண்டும். அத்தான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மதுரை பஸ் உள்ளே வரும்போதே ஜனம் ஓடியது. அப்போது என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அத்தான் ஓடினார். பஸ் நிற்கும் முன்னால், நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒரு காலேஜ் பையனின் முழங்கையைத் தட்டிவிட்டு, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடித்தார். கால் நீட்ட வசதியாகக் கதவுக்குப் பின்னால் இருக்கிற சீட்டு. ஒரு ஆள் சண்டைக்கு வந்தார். “என் வீட்டுக்காரிக்குக் கால் முடியல” என்று அவரிடம் அத்தான் குரலை உயர்த்தினார். அந்தக் குரலை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அக்காள் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். “அப்பம் நான் போவட்டுமா?” என்றாள்.

“பாத்துப் போ. மூட்டுக்குப் போடுத தைலம் சின்னப் பையில இருக்கு” என்றார்.

பஸ் கிளம்பி மேம்பாலம் பக்கம் திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இருன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில முத்தா உதிந்துரும்? எறங்கியிருப்பா அத்தான்” என்று அத்தனை ஜனத்துக்கு நடுவில் கத்தினேன்.

“தெரியும்” என்றார். “இருன்னா இருந்துருவா. அதான் சொல்லல.”

பிசானம் போட்டார், தனியாக. ஐப்பசி பிறந்து நான் சனிக்கிழமை தோறும் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா வேலையும் நடந்தது. தொழி அடித்தார், வரப்பு வெட்டினார், விதை ஊறப்போட்டார். பாட்டு இல்லை. ஒரு நாள் நான் போகும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வயல் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மழைக்குத் தலையில் துண்டுகூடப் போடாத மனிதர். சோறு பொங்கினாரா இல்லையா என்று பானையைத் திறந்து பார்த்தால் முந்தின நாள் சோறு அப்படியே தண்ணீரில் கிடக்கும். அக்காள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வாள், அவர் சாப்பிட்டாரா என்று என்னிடம்தான் கேட்பாள். அவருக்குச் செய்யமாட்டாள். அவரும் செய்யமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு போஸ்ட்டுமேன்.

கார்த்திகைக் கடைசியில் அத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காலையில் மாடு கத்துகிறதே என்று வந்து பார்த்த கீழ வயல்காரர்தான் தூக்கி ஆட்டோவில் போட்டுக் கொண்டு போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து அக்காளும் மகனும் வந்து சேரும் வரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அக்காள் அழவில்லை. வந்த ஜனமெல்லாம், எப்பேர்ப்பட்ட மனிதர், யார் குறுக்கேயும் வராத மனிதர் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, அடுக்களையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் சொன்னதை அதுவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது? அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். உன் காலுக்காகத்தான் எக்கா இருன்னு சொல்லல, சொன்னா நீ இருந்துருவன்னு அவருக்குத் தெரியும் என்றேன்.

அக்காள் கழுவிக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

“தெரியுமாமா?” என்றாள். “தெரிஞ்சேதான் விட்டாரா? ஆளத் தள்ளிவிட்டுச் சீட்டுப் போட்டாரே, நான் தொலஞ்சாப் போதும்னு இருக்காருன்னுல்லா நான் நெனச்சேன்.”

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அவரு கூப்பிடுவாரான்னு போனக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன்ட்டி. கடையநல்லூரு, புளியங்குடி, ராஜபாளையம்னு பஸ்ஸு நின்ன எடமெல்லாம் எறங்குததுக்குப் பையத் தூக்கி மடியில வச்சேன். பெறவு மதுரையே வந்துட்டு.”